உன் மாமனாரின் சனிக்கிழமைகள்

தம்பி,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நீ நல்லாத்தான் இருக்கிறாய். அதை நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான். நான் பெங்களூரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, "ஏன்ப்பா சொல்லாம கொள்ளாம பஸ் ஏறிட்டீங்க?" என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். மலையில் சிக்னல் போவதும் வருவதும் உனக்குத் தெரியும் என்பதால் நம்பியிருப்பாய். உண்மையில் சிக்னல் நன்றாகவே இருந்தது. கடை முன்னால் எண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. உன் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாயால சொல்ல வெக்கமா இருந்தா எழுதியாவது தொலை. புள்ள அங்க மண்டைய ஒடச்சிக்கினு கீறான்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பதில் ஒரே வார்த்தைதான். பொறாமை. உன் மாமனார்மேல் எனக்குப் பொறாமை. பொண்டாட்டியின் அப்பனைப் பார்த்துப் பெற்ற அப்பன் பொறாமைப்படுவதாவது என்று நீ சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு வருகிற வரைக்கும்.

அது உன் கல்யாணத்தில் வரவில்லை. அன்றைக்கு அவரைப் பார்த்தபோது, பெண்டாட்டியை இழந்து, ஒரே பெண்ணையும் கட்டிக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலை வேலையும் முடிந்து நிற்கிற மனுஷன் என்று பரிதாபமாகத்தான் இருந்தது. வந்தது சனிக்கிழமைகளில். நீ படிக்கப்போன காலத்திலிருந்து சனிக்கிழமை மத்தியான பஸ் இறங்கிப்போன பிறகு கடைக்குப் போன் பண்ணுவாய். அந்த நேரம் கடை ஓய்ந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தப் போனுக்காக நான் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று உன் அம்மா கேலி செய்வாள். போனில் முகம் தெரியாத காலத்திலேயே வாரிக்கொள்வேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் போன் ஞாயிறுக்கு நகர்ந்தது, பிறகு எப்போதாவது என்று ஆனது. கேட்டால், "மாமாகூட குடோன் கடைக்குப் போயிருந்தேம்பா" என்பாய். ஒரு போட்டோ அனுப்புவாய். கட்டில் மாதிரி ஒரு தள்ளுவண்டி, அதில் மூட்டை மூட்டையாகச் சாமான், அதன் இரண்டு பக்கமும் நீயும் அவரும். இரண்டு பேரும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த இடுப்புக் கை நம் குடும்பத்துக் கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொத்தமாகச் சாமான் வாங்கப் போவது நம் வேலை, உன் வேலையும் என் வேலையும். நீ சின்னப் பையனாக இருந்தபோது லீவு விட்டால் உன்னையும் முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போளூர் மண்டிக்குப் போவேன். நான் பருப்புக்கும் வெல்லத்துக்கும் பேரம் பேசுவேன், நீ அரிசி மூட்டைமேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுவாய். திரும்பும்போது பரோட்டா வாங்கித் தருவேன். நாள் முழுக்க உன்னோடு நான் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது. மண்டிக்காரனோடு பேசி முடிக்கவே தொண்டை வற்றிவிடும். ஆனால் உன்னை அழைத்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போகிறேன் என்கிற மிதப்பு எனக்கு இருந்தது. மகனோடு செய்த ஒரே காரியம் அது என்பதால் அதைப் பெரிதாக வைத்துக்கொண்டேன். அதையே இன்னொருத்தர், என்னைவிடப் பெரிய குடோனில், பளபளப்பான கார்டு வைத்துக்கொண்டு உன்னோடு செய்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்.

போன மாதம் புளி வியாபாரம் முடிந்த கையோடு நீ வரச் சொன்னாய். மாடு கன்று போட்டிருந்ததால் உன் அம்மா வரவில்லை. நான் சாமையும் தேனும் கொட்டை எடுத்த புளியும் கட்டிக்கொண்டு திருப்பத்தூர் வழியாக வந்து சேர்ந்தேன். மருமகள் ரேவதி நன்றாகக் கவனித்துக்கொண்டாள், அதில் குறையே இல்லை. மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே உன் மாமனார் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, காலிப் பைகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஏதோ கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது. "சம்பந்தி, இன்னைக்கு நீங்களும் வர்றீங்க" என்றார். வந்தேன்.

அந்தக் கடை ராட்சசர்களுக்குக் கட்டின ரைஸ் மில் மாதிரி இருந்தது. வாசலில் காவலாள் உறுப்பினர் கார்டைக் கேட்டான். உன் மாமனார் கார்டை நீட்டினார். அவன் கூட வந்த எங்களைப் பார்த்து ஏதோ கேட்டான். உன் மாமனார் உன் தோள்மேல் கை போட்டு, கன்னடத்தில் பதில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் உன்னைக் காட்டி "நன்ன மக" என்றதும், என்னைக் காட்டி "கெஸ்ட்" என்றதும் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். நீ அவருக்கு மகன். நான் விருந்தாளி. நீ தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாய். நான் உங்கள் பின்னால் வந்தேன்.

அதற்குப் பிறகு உள்ளே பார்த்தது எதுவுமே எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. நம் கடையில் ஷாம்பு சரம் சரமாகத் தொங்கும், ஒன்று கிழித்துக் கொடுத்தால் ஒரு தலைக்கு ஆகும். அங்கே ஷாம்பு கேனில் இருந்தது, மண்ணெண்ணெய் மாதிரி. அதை இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "மொத்தமா வாங்கினா மிச்சம்பா" என்றாய். வியாபாரியின் மகனுக்கு வியாபாரம் சொல்லிக் கொடுத்தது யார் என்று எனக்குள் ஓடியது. அவர் ஒரு துவரம்பருப்புப் பையை எடுத்து, "நீங்க பாத்துச் சொல்லுங்க சம்பந்தி" என்று மரியாதையாகத்தான் நீட்டினார். நான் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பழைய சரக்கு, வேகாது என்று சொன்னேன். அவர் மறு பேச்சு இல்லாமல் திருப்பி வைத்துவிட்டார். நீ பையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாய். புதுச் சரக்கு. அதையே எடுத்து வண்டியில் வைத்தாய். எனக்கு அது புதுசு என்று தொட்டபோதே தெரியும் தம்பி. பொய் சொன்னேன்.

கடைசி வரிசையில் அந்தப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, திரும்ப ஒட்டுப்போடுகிற விளையாட்டு. நீங்கள் ஜிக்சா என்றீர்கள். ஒவ்வொரு பெட்டியும் ஜன்னல் கதவு அகலம் இருந்தது. பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று நான் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே நிற்கிறீர்கள். ஒரு பெட்டியை எடுப்பதும், படத்தைப் பார்ப்பதும், "இதுல தண்ணி ஜாஸ்தி மாமா, கஷ்டம்" என்று நீ சொல்வதும், "கஷ்டமா இருந்தாதானே நல்லது" என்று அவர் சொல்வதும். பெண் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோதுகூட நீ அவ்வளவு நேரம் நின்று பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை, முழுக்க அந்த விளையாட்டு. பனி மூடின மலை, கீழே ஏரி, கரையில் சிவப்புக் கூரை வீடுகள். மலையும் வீடுகளும் முடிந்திருந்தன. மேலே வானம் வரவேண்டிய இடம் வெறும் பலகையாகக் கிடந்தது. ஒரே நீலத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் தட்டுத் தட்டாகக் கொட்டிக் கிடந்தன. நீயும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து குனிந்தீர்கள். தலை இரண்டும் முட்டிக்கொள்ளும் போல இருந்தது. பேச்சே இல்லை. எப்போதாவது அவர் ஒரு துண்டை உன் பக்கம் தள்ளுவார், நீ "ம்" என்பாய். அது பொருந்தி உட்காரும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரு வெளிச்சம் வரும். நீயும் நானும்கூடப் பேசாமல் இருந்திருக்கிறோம், போனில், எதிரெதிரே, பஸ்ஸில். ஆனால் அது பேச ஒன்றும் இல்லாததால் பேசாமல் இருந்தது. உங்களுக்குப் பேச அவசியமே இல்லாமல் இருந்தது. அந்த அமைதியைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நீ அவரோடு சிரித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

"வாங்க சம்பந்தி, நீங்களும் ஒண்ணு வைங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே நீலம். ஒரு துண்டை எடுத்து எங்கெங்கோ வைத்துப் பார்த்தேன். உங்களுக்கு முன்னால் ஒன்றாவது வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆத்திரம் வந்து, கட்டைவிரலால் வைத்து அழுத்தினேன். உள்ளே போயிற்று. போன பிறகுதான் தெரிந்தது, அது அந்த இடத்துத் துண்டு இல்லை, அதன் ஓரம் மடங்கிவிட்டது. நீ என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, "விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நீ அவ்வளவு பதமாகச் சொன்னாய், விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், பேப்பர் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ரேவதியிடம் சொல்லிவிட்டுத் திருப்பத்தூர் பஸ் ஏறினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பினால் நீ என்னை நிறுத்திவிடுவாயோ என்று பயமாக இருந்தது, நிறுத்தாமல் விட்டுவிடுவாயோ என்றும் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அவரு பொண்ணக் குடுத்தாரு, நாம புள்ளையக் குடுத்தோம். அப்புறம் இன்னா?" என்றாள். அவளுக்கு எல்லாம் அவ்வளவு சுலபம்.

இதுவரை உனக்குப் பாதி தெரிந்ததுதான். தெரியாதது இனிமேல். போன வாரம் உன் மாமனார் திருப்பத்தூரில் ஒரு நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாரே, அவர் போனது நண்பர் வீட்டுக்கு இல்லை. இங்கே வந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான் சொல்கிறேன். அவருக்கு நல்லது செய்ய எனக்கு இன்னும் முழு மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்.

அன்று சந்தை நாள். கடையில் கூட்டம் நெரிந்தது. மத்தியான பஸ்ஸிலிருந்து இறங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் அவர் வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சர்க்கரை மூட்டைமேல் உட்கார வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் போங்கள், வந்துவிடுகிறேன் என்றால் கேட்கவில்லை. கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார். கட்டின பொட்டலமெல்லாம் அவிழ்ந்து கொட்டியது. சாமான் வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். "யாருங்க இவரு, புது ஆளா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்க சம்பந்தி என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கக் கூடாது.

கூட்டம் குறைந்த பிறகுதான் பேசினார். முதலில் அந்தக் காவலாள் விஷயம். அவருடைய கார்டுக்குக் குடும்பத்து ஆள் ஒருத்தர், விருந்தாளி ஒருத்தர், அவ்வளவுதான் விடுவார்களாம். மருமகன் என்று சொன்னால் உன்னையும் விருந்தாளிக் கணக்கில் சேர்த்து ஒருத்தரை வெளியே நிறுத்திவிடுவார்களாம். "உங்கள வெளிய நிக்க வெக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். நீங்க மூஞ்சி மாறினத நான் பாத்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். காரணம் தெரிந்துவிட்டால் வலி போய்விடும் என்று சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. உன் தோளில் அவர் கை போட்டது காவலாளுக்காக இல்லை, அது எனக்குத் தெரியும்.

பிறகு அந்த விளையாட்டைப் பற்றி, நான் கேட்காமலே சொன்னார். மனைவியும் போய், மகளையும் கட்டிக் கொடுத்த பிறகு சின்னப் பெட்டியாக ஒன்று வாங்கி வந்தாராம். அதை நீ அவரோடு உட்கார்ந்து ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டாயாம். அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லையாம். அதற்குப் பிறகுதான் பெரியதாகத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தாராம். "பெருசா இருந்தா சீக்கிரம் முடியாது இல்லீங்களா. முடியாத வரைக்கும் அவன் வருவான்" என்றார். தம்பி, இப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். பரிதாபம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

கடைசியில் வந்த காரியத்தைச் சொன்னார். உனக்குக் கனடாவில் வேலை வந்திருக்கிறது, ரேவதியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய், போனால் அங்கேயே தங்கிவிடுகிற எண்ணம். அதை நேரில் சொல்லத்தான் என்னை வரச் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்வதாக இருந்தாயாம். நான் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அப்போதும் எனக்குக் குத்தத்தான் செய்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"போவாதேன்னு நீங்க சொல்லணும் சம்பந்தி. நான் சொன்னேன், சிரிச்சிக்கினே போய்ட்டான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவான். எந்தக் காரியம் ஆனாலும் 'எங்கப்பா இன்னா சொல்வாரோ'ன்னுதான் யோசிக்கிறான். பருப்பு வாங்கினாக்கூட அதான்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது. அதைத்தானே நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ போனால் அவருக்கும் சனிக்கிழமை இல்லை. அந்தக் கட்டில் வண்டியை அவர் தனியாகத் தள்ளட்டும், வானத்தைத் தனியாக ஒட்டட்டும். எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்காது. எதிரே மூட்டைமேல் வாந்தி எடுத்த களைப்போடு உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டே நான் இதை நினைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு அது இனிப்பாகவும் இருந்தது.

"போவட்டும் சம்பந்தி" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அவன் ஆசைப்பட்ட வேலை, நாம் குறுக்கே விழக் கூடாது, நம் காலம் வேறு என்று அப்பன்கள் சொல்கிற நியாயமெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். நீ போக வேண்டும் என்றுதான் நானும் மனசார நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் பாசமும் பொறாமையும் ஒரே பதிலைச் சொன்னதால், எது என் வாயால் பேசியது என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. தெரியாமல் உன்னை வழியனுப்பக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ யோசித்து முடிவெடு. நான் சொன்னதை அப்பா சொன்னது என்று எடுத்துக்கொள்ளாதே, பாதி வேறு யாரோ சொன்னது.

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சாயங்கால பஸ் வரும்வரை பொட்டலம் கட்டினார், கடைசியில் இரண்டு மூன்று அவிழாமல் நின்றது. பஸ் ஏறும்போது, "அவன் போன பொறவு மாசத்துக்கு ஒருக்கா நீங்க வாங்களேன். சும்மா உக்காந்தாப் போதும்" என்றார். கடையை யார் பார்ப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இன்னும் அதைப் பற்றி நான் முடிவு எடுக்கவில்லை. அவசரப்படுத்தாதே.

போகிறவனுக்கு நான் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. அங்கே குடோன் கடைகள் இதைவிடப் பெரிசாக இருக்கும் என்கிறார்கள். பெரிசாக வாங்கினால் மிச்சம் என்று நினைத்துக்கொள்ளாதே, கெட்டுப்போகிறதை எந்த வியாபாரியும் மிச்சத்தில் சேர்ப்பதில்லை. ரேவதி ஒரே பெண், அப்பனைத் தனியாக விட்டுவிட்டு உன்னோடு வருகிறாள். முதல் குளிரில் அவள் காரணமில்லாமல் அழுதால் ஏன் என்று கேட்காதே, பக்கத்தில் உட்கார். உட்காருவது உனக்கு நன்றாக வருகிறது, பார்த்தேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வளர்ந்து வேறு யாரோடோ மனசு ஒட்டினால் உனக்கும் இது வரும். வந்தால் பஸ் ஏறி ஓடாதே. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் மாமனாரிடம் நான் இதையெல்லாம் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கிளம்புகிறவரை எல்லாச் சனிக்கிழமையும் அவருக்கே கொடு. விமான நிலையத்துக்கும் அவரே வரட்டும், நானும் வந்து ஓரமாக நிற்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை மலைக்கு வா. ரேவதி வரட்டும், உன் அம்மா அவளுக்காகத் தேன் எடுத்து வைத்திருக்கிறாள். அவரை மட்டும் கூட்டிக்கொண்டு வராதே. ரெண்டு நாள் போதும், அது எனக்கு மட்டும் வேண்டும். உன் தாத்தாவை எடுத்த அன்றைக்கே சாயங்காலம் கடை திறந்தவன் நான், உன் கல்யாணத்துக்கும் உன் சித்தப்பாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தேன். நீ வருகிற அந்த ரெண்டு நாள் கடையைச் சாத்திவிடுகிறேன். யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டேன்.

அப்பா